வலது பக்கம் உட்கார ஓர் ஆள்

குழந்தைகளுக்கு வழித்துணையாகப் போகும் வேலையில் சம்பளம் கிடையாது, அதனால் யாரும் நம்மை வேலையை விட்டு நீக்கவும் முடியாது. இந்த ஒரு வசதியை நம்பித்தான் நான் இதில் இறங்கினேன்.

ஆரணியில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகன் படிப்பை முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் களம்பூர் ரைஸ் மில்லில் இருந்து வருவதற்குள் எனக்குப் பேச ஆள் கிடையாது. அப்போதுதான் ஒரு தொண்டு அமைப்புக்காரர்கள் நோட்டீஸ் பிரதி எடுக்க வந்தார்கள். கஷ்டப்படுகிற குடும்பத்துப் பிள்ளைக்கு வெளியே இருந்து ஒரு பெரியவரை ஜோடி சேர்த்து, வாரம் ஒரு தடவை பழகச் சொல்லும் திட்டம். நோட்டீஸை அடித்துக் கொடுத்துவிட்டு, அதிலேயே நானும் மாட்டிக்கொண்டேன். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சேராமல் இருந்துகொள்ளலாம்.

பயிற்சி வகுப்பு

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாள் பயிற்சி. திவாகர் என்கிற ஒருங்கிணைப்பாளர் தம்பி நடத்தினார். என் மகன் வயசுதான் இருக்கும். குழந்தைக்கு நண்பராக இருக்க வேண்டும், டியூஷன் எடுக்கக் கூடாது, பரிசு கொடுக்கக் கூடாது, கைச்செலவுக்குக் காசு கொடுக்கக் கூடாது, குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று கூடாதுகளை அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, எந்தக் காரணத்தைக் கொண்டும் அறிவுரை சொல்லக் கூடாது என்றார்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. எங்கள் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் ஒருத்தர் அறிவுரை சொல்வார், இன்னொருத்தர் தலையாட்டுவார். இதை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று எனக்கும் புரியவில்லை. என் பக்கத்தில் மின்வாரியத்தில் ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் இருந்தார். கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "அட்வைஸும் பண்ணக் கூடாது, ஒண்ணும் வாங்கியும் தரக் கூடாதுன்னா, நாம அந்தப் புள்ள வூட்டுக்குப் போயி இன்னாம்மா பண்ணப் போறோம்?"

பிடித்த நிறம்

எனக்குக் கிடைத்தவள் மோனிஷா. சேவூர்ப் பெண், அப்போது ஒன்பதாவது. அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். அம்மா செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவர். முதல் ஞாயிற்றுக்கிழமை தலை சீவி, பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது பக்கம் மோனிஷா. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார் அவர். நான் டீச்சர் இல்லை என்று சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார். தறி நிற்கவில்லை.

களம்பூரில் நெல்லும் தவிடும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆரணியில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆகியும் ஒரு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இவர்கள் நெய்யும் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் இழையோடு இழை கோர்க்க வேண்டும். நெய்கிறவருக்கு இரண்டு கைதான் என்பதால், வலது பக்கத்துக் கரைக்கு, நூல் சுற்றிய கட்டையான நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். முன்பு அது அம்மாவின் இடம். அம்மா கம்பெனிக்குப் போகத் தொடங்கியதும் மோனிஷாவின் இடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம், அம்மா வாரத்து வீட்டு வேலையெல்லாம் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பயிற்சியில் சொல்லித்தந்த கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். தறிச் சத்தத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. என்ன படிக்க ஆசை என்றதற்கு உடனே பதில் வந்தது. ஒரு தடவை அம்மாவோடு ரத்தம் டெஸ்ட் பண்ணும் லேபுக்குப் போனாளாம். அங்கே ஓர் அக்கா கண்ணாடிக் குழாயை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த வேலைக்குத்தான் போக வேண்டும், அதற்குப் பதினொண்ணாவதில் சயின்ஸ் எடுக்க வேண்டும், விசாரித்து வைத்திருக்கிறேன் என்றாள். ஏன் அந்த வேலை என்றேன். "அங்க சத்தமே இல்லக்கா" என்றாள். அடுத்த கேள்வி, உனக்குப் பிடித்த நிறம் எது. மோனிஷா கையில் இருந்த நாடாவைத் தள்ளிவிட்டு, முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்: "உடலுக்கா, கரைக்காக்கா?"

அமாவாசை

ஞாயிற்றுக்கிழமை என்பது ஆபீஸ்காரர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும்தான் லீவு. தறிக்கு லீவு அமாவாசை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. திவாகரிடம் சொன்னால், சந்திப்பு ஞாயிற்றுக்கிழமைதான் என்று திட்டத்தில் இருக்கிறதே என்று இழுத்தார். சந்திரனைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி நான் யாரிடம் போய்க் கேட்பது?

அமாவாசை அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். அவள் அம்மாவுக்குப் போன் பண்ணி அனுமதி வாங்கி, டவுனுக்கு அழைத்துப் போய் ஒரு பேக்கரியில் உட்கார வைத்து நிறையப் பேச வேண்டும் என்று திட்டம். பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆரணியில் எழுப்பினேன். பேக்கரியில் பப்ஸைப் பாதி கடித்தபடியே கண் சொருகியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவள் "ம்" கொட்டிக்கொண்டே தூங்கினாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, ஒரு பதினாலு வயசுப் பிள்ளைக்கு மாசத்தில் இந்த ஒரு சாயங்காலம்தான் உடம்பு ஓய்கிறது, அதையும் நான் பிடுங்கிக்கொண்டு நிற்கிறேனே என்று மனசு சங்கடப்பட்டது. திரும்பும்போதும் அதே பஸ், அதே தோள். சேவூரில் இறங்கும்போது கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்: "ஏம்மா, தூங்கறதுக்குன்னே பஸ் ஏறுனீங்களா?"

நானும் நெசவாளி ஆனேன்

பத்தாவதுக்கு வந்ததும் அவளுக்குப் பாடம் ஏறவில்லை. படிக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். டியூஷன் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தறியில் உட்காரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோனிஷாவை எழுந்து போய்ப் படிக்கச் சொல்லிவிட்டு, அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவள் அப்பா திகைத்துப் போனார். டீச்சரைத் தறியில் உட்கார வைப்பதா என்று எழுந்தேவிட்டார். நான் விடவில்லை.

இடுப்பு ஒடிந்தது. நாடா இரண்டு தடவை கீழே விழுந்தது. ஆனாலும் இரண்டு மணி நேரம் தள்ளினேன். அவ்வப்போது திரும்பிப் பார்த்தால், அறை மூலையில் மோனிஷா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் மகன் படித்ததைப் பார்த்துக்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. வாராவாரம் இதையே பண்ணினேன். வழித்துணைகளின் வாட்ஸாப் குழுவில் சொன்னதும் கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. திவாகர் உடனே போன் செய்தார்: "சூப்பர்க்கா, அடுத்த வாட்டி தறியில உக்காந்துகினு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, உங்க முகம் நல்லா தெரியற மாதிரி."

குடையை மறந்த நாள்

சகபாவிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு, மழை விட்டிருந்ததால் குடையை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பு வரை போய், ஞாபகம் வந்து திரும்பினேன். உள்ளே தறிச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். அப்பாவும் பெண்ணும் குனிந்து உட்கார்ந்து, அன்றைக்கு நான் கரை போட்ட அரைச் சாண் நீளத்தை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் மூலையில் மூடிக் கிடந்தது.

என் கை போட்ட இடத்தில் கரையும் உடலும் கோர்க்காமல் கண்ணி கண்ணியாக நின்றிருக்கிறது. அப்படியே விட்டால், நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் பட்டு முதலாளி புடவையை வேண்டாம் என்று தள்ளிவிடுவார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் கிளம்பியதும் பிரித்துவிட்டு, மறுபடி நெய்திருக்கிறார்கள். நெய்வதைவிடப் பிரிப்பதற்கு நேரம் அதிகம். நான் அவளுக்குக் கொடுத்ததாக நினைத்த நேரத்துக்கு மேலேயே அவளிடமிருந்து எடுத்திருக்கிறேன். வாசலில் நின்றவளுக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். மோனிஷா குனிந்தபடியே அடுத்த இழையைப் பிரித்தாள். அவள் அப்பா, தப்பு செய்து பிடிபட்டவரைப் போல எழுந்து நின்று சொன்னார்: "நீங்க ஆசையா வந்து உக்காந்துகினு செய்றீங்க டீச்சர், எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

எதிரே தொங்கிய பாடம்

தறியை விட்டு எழுந்த பிறகு என்னிடம் மிச்சம் இருந்தது ஜெராக்ஸ் மெஷின்தான். மோனிஷாவின் அறிவியல் பாடக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் பிரதி எடுத்து, அட்டையில் ஒட்டி, அவள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே கயிற்றில் தொங்கவிட்டேன். நாடா தள்ளிக்கொண்டே படிக்கலாம் அல்லவா? மறு வாரம் போனபோது முதல் பக்க அட்டையே மாற்றாமல் அப்படியே இருந்தது. இன்னும் முடிக்கவில்லையா என்றேன்.

கோர்க்கிற இடத்தை விட்டுக் கண்ணை எடுத்தால் இழை தப்பிவிடும் என்பது மறுபடியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாவில் நீளவாக்கில் ஓடுகிற நூல் அறுந்து, அப்பா தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிற நேரம் மட்டும்தான் அவள் நிமிர்ந்து பார்க்க முடியும். அந்த வாரம் பட்டு நல்ல பட்டு, அதிகம் அறுந்துபோகவில்லை. அப்பா தண்ணீர் குடிக்கப் போனதும் மோனிஷா என் காதருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் நாலு வாட்டி நூலு அறுந்தா இந்தப் பக்கம் முடிஞ்சிடும்க்கா, அதான் வேண்டிகினே இருந்தேன்."

பங்குனி

பங்குனியில் பரீட்சை. பங்குனியில் முகூர்த்தமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்த புண்ணியவான்கள் யாரும் தறி வீட்டில் பிறக்கவில்லை. தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணுக்கான முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், பட்டு முதலாளியின் கடை ஆள் வண்டியில் வந்து இறங்கினார்.

மோனிஷாவின் அப்பா மெதுவாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் குரல் கொஞ்சம் உயர்ந்ததை நான் கேட்டேன். புள்ளைக்குப் பரீட்சை, தினம் ஒரு மணி நேரம்தான் உட்காருவாள், நாலு நாள் தவணை வேண்டும் என்றார். கடை ஆள் கெட்டவர் இல்லை. மோனிஷாவைப் பார்த்து நல்லா எழுது கண்ணு என்றுகூடச் சொன்னார். பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, அவள் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "ஜல்தியா முடிச்சுக் குடுப்பா, பரீட்சை வருஷா வருஷம் வரும், அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஒரு வாட்டிதான்."

பாஸ்

பாஸ் பண்ணிவிட்டாள். எல்லாப் பாடத்திலும். அறிவியலில் நல்ல மார்க். ரிசல்ட் வந்த அன்று என் கடைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். ஒவ்வொரு மார்க்கையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டு இழையில் காய்த்துப்போன விரல்கள் என் உள்ளங்கையில் குத்தியது நன்றாகத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை லட்டு வாங்கிக்கொண்டு சேவூர் போனேன். பரிசு கொடுக்கக் கூடாது என்பதை அன்றைக்கு நானே ரத்து செய்துவிட்டேன். பதினொண்ணாவதுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.

அவள் அம்மா ஜெயந்தி அன்றைக்கு லீவு. வாரத்துணி மொத்தத்தையும் துவைத்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பத்தாவது வரைக்கும் என்றுதான் அவரும் புருஷனும் பேசி வைத்திருந்தார்களாம். "அத நாங்க மீறல டீச்சர். இவ ஸ்கூல்ல இருந்த நேரமெல்லாம் தறி சும்மா நின்னுகினு இருந்துச்சு. ஒரு புடவைக்கு ரெண்டு புடவை நேரம் ஆச்சு. தாங்கிகினோம். பதினெட்டு ஆச்சுன்னா கம்பெனில சொல்லி சேத்துடுவேன். அதுவரைக்கும் தறி." குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வலது பக்கத்துக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமே என்றேன். அந்த ஆட்கள் எல்லாம் இப்போது தன்னோடு கம்பெனி வேனில்தான் வருகிறார்கள் என்றார். கரை கோர்க்காத சாதாப் புடவை நெய்தால் ஒரே ஆள் போதுமே என்றேன். அதைப் பவர்லூமே ஓட்டிவிடுகிறது, கைத்தறிக்கு யார் தருவார்கள் என்றார் அவர் புருஷன். நீங்களே தறிக்குத் திரும்பி வாங்களேன் என்று கேட்க வாய் வரை வந்தது. மாதா மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவர் சம்பளத்தில்தான், கேட்கவில்லை. மோனிஷா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று அவள் எதிர்பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஜெயந்தி கடைசியாகக் கேட்டார், குத்திக்காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக: "படிக்க வேணாம்னு நாங்க எப்ப சொன்னோம் டீச்சர், இவ எழுந்து போனா அந்தப் பக்கம் நீங்க வந்து உக்காருவீங்களா?"

பொன்னாடை

திவாகரிடம் போய், நீங்களாவது அந்த வீட்டில் வந்து பேசுங்கள் என்று கெஞ்சினேன். குடும்பத்தின் முடிவில் அமைப்பு தலையிடாது என்றார். திட்டமே பத்தாவது வரைக்கும்தானாம். பிள்ளை பாஸ் ஆகிவிட்டால் அந்த ஜோடி நல்லபடியாக முடிந்த ஜோடி. பெண்ணை நினைத்து நான் ராத்திரி தூங்கவில்லை என்றேன். நீங்கள் ரொம்ப ஈடுபாடாக இருக்கிறீர்கள், உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும் என்றார். விழா எடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். என் பக்கத்தில் நிற்க வேண்டிய மோனிஷா வரவில்லை, அன்றைக்குத் தறி இருந்தது. மேடையை விட்டு இறங்குவதற்குள் எனக்கு அடுத்த குழந்தையை ஒதுக்கிவிட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் சேவூர் போனேன். பள்ளிக்கூடங்கள் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. யூனிஃபார்ம் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டேதான் பஸ்ஸில் போனேன். மோனிஷா வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்காக அவர் தறியை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் அப்போது சத்தமே இல்லை. உனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை மோனி என்றேன். அவள் நாடாவில் இருந்த பட்டைச் சரிபார்த்தாள். வேறு பொண்ணு கொடுத்திருக்கிறார்கள், ஏழாவது படிக்கிறாள் என்றேன். எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டாள். அப்பா தூக்கோடு வாசலில் ஏறுவது தெரிந்ததும் மறுபடி தன் இடத்தில் நகர்ந்து சரியாக உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அதுங்க வூட்ல தறி கீதான்னு மொதல்ல கேட்டுக்கக்கா, இருந்துச்சுன்னா வேற புள்ளைய குடுக்கச் சொல்லு."

ஆக, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படித்ததில், அடுத்த வகுப்புக்குப் போனவள் நான் மட்டும்தான்.